முட்டத்துக்கு மேலே அப்பாவோடு: கையைக் கடிக்காமல் தனியார் விமானி உரிமம் (பிபிஎல்) எடுப்பது எப்படி?

கேள்வி: தக்கலை பக்கம் அரசுப் பள்ளியில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். வயது 31. கண்ணாடி போட்டிருக்கிறேன், பவர் மைனஸ் 2.5. பைலட் வேலைக்குப் போகும் எண்ணம் இல்லை. சின்ன விமானம் ஒன்றை நானே ஓட்ட வேண்டும். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் பிறந்த முட்டத்துக்கு மேலே ஒருநாள் போய்வர வேண்டும். கையில் 5 லட்சம் இருக்கிறது. மாதம் 20,000 மிச்சம் பிடிக்க முடியும். 45 நாளில் நாலரை லட்சத்துக்கு லைசென்ஸ் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டச் சொல்கிறார். கட்டலாமா? அல்லது இருக்கிற பணத்தில் தொடங்கி மாதத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரமாகப் பறந்து முடிக்கலாமா? வெளிநாட்டில் மலிவு என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ஏஜென்டிடம் பணம் கட்ட வேண்டாம். மாதம் ஒன்றிரண்டு மணி நேரம் என்று பறக்கவும் தொடங்க வேண்டாம். முதலாவதில் பணம் ஒரேயடியாகப் போகும், இரண்டாவதில் கண்ணுக்குத் தெரியாமல் கரையும். பெரும்பாலான மாணவர்கள் மாட்டிக்கொள்வது இரண்டாவதில்தான். அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

நம் நாட்டில் பிபிஎல் என்னும் தனியார் விமானி உரிமத்துக்கு விதிப்படி வேண்டியது 40 மணி நேரம். அதில் குறைந்தது 20 மணி நேரம் நீங்கள் தனியாக ஓட்டியிருக்க வேண்டும். அந்தத் தனிப் பறப்பில் 5 மணி நேரம் ஊர்விட்டு ஊர் போகும் கிராஸ் கன்ட்ரி. அதிலும் ஒரு பயணம் 150 நாட்டிக்கல் மைலுக்கு, அதாவது சுமார் 278 கிலோமீட்டருக்குக் குறையக் கூடாது. வழியில் இரண்டு வேறு நிலையங்களில் இறங்கி முழுதாக நிறுத்த வேண்டும். விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதத்துக்குள் 10 மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும். 40 என்பது குறைந்தபட்சம். தொடர்ச்சியாகப் பறப்பவர் 45, 50 மணி நேரத்தில் முடிப்பார். விட்டு விட்டுப் பறப்பவருக்கு 60, 70 ஆகும்.

காரணம் எளிது. தரையிறக்கம் என்பது கண்ணும் கையும் காலும் சேர்ந்து பழக வேண்டிய வேலை. இரண்டு வாரம் விட்டுவிட்டு வந்தால், அடுத்த ஒரு மணி நேரத்தில் பாதி, விட்ட இடத்துக்குத் திரும்பி வருவதிலேயே போய்விடும். மாதம் இரண்டு மணி நேரம் பறக்கிறவர் புதிதாக எதையும் கற்பதில்லை. மறந்ததைத் திரும்ப வாங்குகிறார். ஒரு மணி நேரத்துக்கு 15,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 45 மணி நேரத்தில் முடிப்பவருக்கு 6,75,000. 65 மணி நேரம் ஆனால் 9,75,000. நடுவில் இருக்கும் 3 லட்சம் உங்களுடைய 15 மாதச் சேமிப்பு. மணிக் கட்டணத்தில் 500 குறைத்துக் கேட்டு வாங்குவதை விட, மொத்த மணி நேரத்தைக் குறைப்பதில்தான் நிஜமான மிச்சம் இருக்கிறது. இனிச் சொல்வதெல்லாம் அதற்கான வழிதான்.

முதல் வேலை மெடிக்கல். ஒரு ரூபாய்கூடப் பயிற்சிக்குக் கட்டும் முன் கிளாஸ் 2 மருத்துவச் சான்று வாங்கிவிடுங்கள். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவர்களின் பட்டியல் அதன் இணையதளத்திலேயே இருக்கிறது. உங்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம் தேடுவது எளிது. ரத்தம், சிறுநீர், ஈசிஜி, மார்பு எக்ஸ்ரே, காது கேட்கும் திறன், கண் எல்லாம் பார்ப்பார்கள். மைனஸ் 2.5 தடையில்லை. கண்ணாடி போட்டுப் பார்வை சரியாக இருந்தால் போதும். பறக்கும்போது மாற்றுக் கண்ணாடி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கவனிக்க வேண்டியது நிறப்பார்வை. புள்ளிகளுக்குள் எண் தெரியும் இஷிஹாரா அட்டையை உங்கள் ஊர்க் கண் மருத்துவரிடமே முதலில் ஒருமுறை படித்துப் பாருங்கள். நிறக்குறைபாடு பெண்களுக்கு அரிது, ஆனாலும் லட்சக்கணக்கில் செலவழிக்கும் முன் தெரிந்துகொள்வது நல்லது. அதோடு ஹீமோகுளோபின், சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் பக்கத்து லேபில் பார்த்துவிடுங்கள். ரத்தசோகை இருந்தால் தற்காலிகத் தகுதியின்மை என்று எழுதிவிடுவார்கள். இரண்டு மாதம் இரும்புச் சத்து எடுத்துச் சரிசெய்துகொண்டு போனால் அந்த அலைச்சல் இல்லை.

மெடிக்கல் கையில் வந்ததும் ஏதேனும் ஒரு பயிற்சிப் பள்ளியில் அரை மணி நேரம் இன்ஸ்ட்ரக்டரோடு பறந்து பாருங்கள். தலைசுற்றல், வாந்தி வருகிறதா, இது உண்மையில் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

அடுத்தது பாடம். விமானப் போக்குவரத்து விதிகள், வான்வழி வழிகாட்டல், வானிலை, விமானமும் எஞ்சினும் என நான்கு பகுதிகள். டிஜிசிஏ நடத்தும் கொள்குறித் தேர்வில் 70 சதவீதம் எடுக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 17 வயது போதும் என்பதால் உங்களுக்குத் தகுதிப் பிரச்சினை இல்லை. கணித ஆசிரியை என்பதால் வழிகாட்டல் பகுதிக்குத் தனிப் பயிற்சி வகுப்பும் தேவைப்படாது. காற்று முக்கோணம், திசைத் திருத்தம், நேரம், எரிபொருள் எல்லாம் எட்டாம் வகுப்புக் கணக்கும் கொஞ்சம் முக்கோணவியலும்தான். விதிகளுக்கு இந்திய வான்வழித் தகவல் தொகுப்பை விமான நிலைய ஆணையம் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. பறக்கும் முறைக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் தன் கையேடுகளை இலவசமாகவே தருகிறது. வானொலித் தொடர்புக்குத் தனி உரிமம் வேண்டும். அதற்கான தேர்வை முன்பு தொலைத்தொடர்புத் துறை நடத்தியது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பாரதிய வாயுயான் சட்டத்தின்படி அது டிஜிசிஏவின் கைக்கு வந்துவிட்டது. பழைய வழிமுறையைச் சொல்லும் வீடியோக்களை நம்பி அலையாதீர்கள்.

தேர்வு முடிவுக்குக் காலாவதி உண்டு. எனவே படிப்பை இப்போதே தொடங்குங்கள், தேர்வைப் பறக்கப் போகும் விடுமுறைக்கு ஆறேழு மாதம் முன்பு எழுதுங்கள். பாடம் முடிக்காமல் பறக்கத் தொடங்குபவர், இன்ஸ்ட்ரக்டர் எஞ்சின் ஓடும்போது சொல்லித்தரும் வானிலைப் பாடத்துக்கு மணிக்கு 15,000 கொடுக்கிறார்.

வானிலையைப் புத்தகத்தில் மட்டும் படிக்காதீர்கள். நீங்கள் இருக்கும் மாவட்டமே ஒரு பாடம். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழி வழியாக பஸ்ஸில் போயிருப்பீர்கள். முப்பந்தலில் காற்றாலைகள் ஏன் அத்தனை நெருக்கமாக நிற்கின்றன? மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று மலைத்தொடரில் முட்டி, கணவாயில் நெருக்கப்பட்டு வேகமெடுக்கிறது. அதே காற்று மலைக்கு மறுபக்கம் இறங்கும்போது சுழன்று கொந்தளிக்கும். 750 கிலோ விமானத்துக்கு அந்தக் கொந்தளிப்பு விளையாட்டல்ல. அதனால்தான் மலைக்குக் கிழக்கே, காற்றின் மறைவில், தாழப் பறக்கக் கூடாது என்று வழிகாட்டல் பாடத்தில் சொல்கிறார்கள்.

கடல்காற்று, கரைக்காற்று இரண்டும் நம் கடற்கரைக்காரர்களுக்குப் பழக்கமானவை. விடியலில் காற்று கரையிலிருந்து கடலுக்கு மெதுவாக வீசும். முற்பகலுக்குமேல் கடலிலிருந்து கரைக்குத் திரும்பி வலுக்கும். திருவனந்தபுரம் விமான நிலையத்தின் ரன்வே கடற்கரைக்கு இணையாகக் கிடக்கிறது. அதன் ஒரு முனை 140 பாகை, மறுமுனை 320. பகல் 2 மணிக்குக் கடல்காற்று 240 பாகையிலிருந்து 12 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல்) வருகிறது என்று வையுங்கள். 320 திசையில் இறங்கும் விமானத்துக்குக் கோண வித்தியாசம் 80 பாகை. சைன் 80 என்பது 0.98. ஆக, பக்கக் காற்று ஏறத்தாழ 11.8 நாட். இருவர் உட்காரும் பயிற்சி விமானமான செஸ்னா 152இன் கையேட்டில் சோதித்துக் காட்டப்பட்ட பக்கக் காற்றின் அளவு 12 நாட். அனுபவமுள்ளவரே முழு கவனத்தோடு இறக்க வேண்டிய காற்று அது. பத்தாவது மணி நேரத்தில் இருக்கும் மாணவிக்கு அதில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை, திணறத்தான் முடியும். எனவே காலை 6 முதல் 9 மணிக்குள் உங்களுக்கு இடம் தருவார்களா என்பது மணிக் கட்டணத்தை விட முக்கியமான கேள்வி.

இன்றிலிருந்தே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரத்தின் மெட்டார் என்னும் வானிலை அறிக்கை அரை மணிக்கு ஒருமுறை இணையத்தில் வெளிவருகிறது. அதில் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும், 5.30 மணி கூட்டினால் நம் நேரம். காலை 6.30க்கு ஒருமுறை, பகல் 2.30க்கு ஒருமுறை படித்து, ரன்வேயின் இரண்டு திசைகளில் எதில் இறங்குவீர்கள், பக்கக் காற்று எவ்வளவு என்று நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதத்தில் அந்த ஊர்க் காற்று உங்களுக்கு மனப்பாடமாகிவிடும்.

நோட்டாம் என்று ஒன்று இருக்கிறது: விமானிகளுக்கான அறிவிப்பு. உங்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி ஆராட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்கு ரன்வேயைக் கடந்துதான் போகிறது. அந்த மாலை சில மணி நேரம் விமான நிலையமே மூடியிருக்கும். அது ஒரு நோட்டாம். வடக்கே தும்பாவில் ஆய்வு ராக்கெட் ஏவும் நாளில் அந்த வான்பகுதிக்குள் போகக் கூடாது என்று வருவது இன்னொன்று. பறக்கும் நாளில் இதைப் பார்க்காமல் போனால் வந்த பஸ்ஸிலேயே திரும்ப வேண்டியிருக்கும்.

இனி பள்ளி. உங்களுக்கு மிக அருகில் இருப்பது திருவனந்தபுரம் விமான நிலையத்தில் உள்ள கேரள அரசின் ராஜீவ் காந்தி விமானத் தொழில்நுட்ப அகாதமி. பெங்களூரு ஜக்கூரில் கர்நாடக அரசின் பறத்தல் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. சேலம் விமான நிலையத்திலும் பயிற்சி நடக்கிறது. டிஜிசிஏ 2025 அக்டோபர் முதல் பயிற்சி நிறுவனங்களுக்குத் தரவரிசை வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். ஆனால் தரவரிசையோடு நிற்காமல் நேரில் போய்க் கேட்க வேண்டியவை சில உண்டு.

பிபிஎல் மட்டும் எடுக்க வருகிறவர்களைச் சேர்க்கிறார்களா என்பது முதல் கேள்வி. பல இடங்களில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வந்தவர்களுக்குத்தான் முன்னுரிமை. பொழுதுபோக்குக்கு வருகிறவர் வரிசையின் கடைசியில் நிற்பார். அப்படியானால் தொடர்ச்சி என்ற நம் திட்டமே உடைந்துவிடும். அடுத்து, எத்தனை விமானம் சொந்தம் என்று கேட்காமல், இன்று காலை எத்தனை பறந்தன என்று கேளுங்கள். காகிதத்தில் ஆறு இருக்கும். இரண்டு உதிரிப் பாகத்துக்காக நிற்கும், ஒன்று 100 மணி நேரச் சோதனையில் இருக்கும். பறக்கிற மூன்றை எத்தனை மாணவர் பங்கிடுகிறார்கள், இன்ஸ்ட்ரக்டர்கள் எத்தனை பேர், கடந்த மாதம் ஒரு மாணவர் சராசரியாக எத்தனை மணி நேரம் பறந்தார் என்று கேளுங்கள். அலுவலகத்தில் கேட்டதை வெளியே நிழலில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் நல்ல இடம்.

கட்டணம் எதையெல்லாம் உள்ளடக்கியது என்று எழுத்தில் வாங்குங்கள்: எரிபொருள், தரையிறங்கும் கட்டணம், ஜிஎஸ்டி, காப்பீடு, வகுப்பு, தேர்வுப் பறப்பு. விமான நிலைய நுழைவுச் சீட்டுக்குப் போலீஸ் சரிபார்ப்பு உண்டு. அதற்கு எத்தனை வாரம் ஆகும் என்றும் கேட்டு, விடுமுறைக்கு வெகு முன்பே விண்ணப்பியுங்கள். விடுமுறையின் முதல் இரண்டு வாரம் காகிதத்துக்குக் காத்திருப்பதிலேயே போவது சகஜம்.

இன்னொரு கணக்கு உங்களுக்குப் பிடிக்கும். பறப்பு நேரம் என்பது விமானம் நின்ற இடத்திலிருந்து நகர்ந்தது முதல் திரும்பி வந்து நிற்கும் வரை. பெரிய விமான நிலையத்தில் ஒரு ஏர்பஸ் இறங்கும் வரை நீங்கள் ஓரமாகக் காத்திருக்கும் நிமிடங்களும் அதில் சேரும். ஒரு மணி நேரத்தில் 20 நிமிடம் தரையில் போனால், மேலேறி, ஓடுதளத்தை ஒரு சுற்று சுற்றி வந்து இறங்கும் சர்க்யூட் ஒன்றுக்கு 7, 8 நிமிடம் வீதம் 5 தரையிறக்கம். மணிக்கு 15,000 என்றால் ஒரு தரையிறக்கம் 3,000 ரூபாய். ஆளரவமில்லாத சின்ன ஓடுதளத்தில் தரையில் 10 நிமிடம்தான் போகும். 7 தரையிறக்கம் கிடைக்கும். அங்கே மணிக்கு 17,000 வாங்கினாலும் ஒன்றுக்கு 2,430 ரூபாய்தான். சோலோ என்னும் முதல் தனிப் பறப்புக்கு முன் உங்களுக்குத் தேவை மணி நேரம் அல்ல, தரையிறக்கங்கள். ஆனால் வெளியூரில் தங்கும் செலவையும் இதில் கூட்ட வேண்டும். பெரிய நிலையத்தில் படித்தால் கட்டுப்பாட்டுக் கோபுரமான டவரோடு பேசும் கூச்சம் முதல் வாரத்திலேயே போய்விடும் என்பதும் ஒரு லாபம். உங்கள் நிலையில் திருவனந்தபுரத்தில் காலை நேரம் கிடைக்குமானால் அதையே எடுங்கள். கிடைக்காது என்றால் வெளியூர்.

திருவனந்தபுரம் என்றாலும் தினமும் வீட்டிலிருந்து போய்வர வேண்டாம். காலை 6 மணிக்கு அங்கே நிற்க, களியக்காவிளையும் பாலராமபுரமும் தாண்டி, நீங்கள் விடிகாலை மூன்றரைக்கு எழ வேண்டும். மூன்றாம் நாள் தூக்கக் கலக்கத்தில் உங்கள் தரையிறக்கம் கெடும். அந்த ஒரு மணி நேரத்தின் விலை பத்து நாள் அறை வாடகைக்கு ஈடாகும்.

ஏஜென்ட் விஷயம். நாலரை லட்சத்தை 40ஆல் வகுத்தால் மணிக்கு 11,250. அதில் அவருடைய கமிஷனும் அடக்கம். அப்படியானால் ஏதோ ஒன்று கணக்கில் இல்லை. ஒன்று, பாதியில் ‘இன்னும் கட்டுங்கள்’ என்பார்கள். இல்லையென்றால், பறக்காத மணி நேரத்தை, பறப்பு நேரப் பதிவேடான லாக்புக்கில் எழுதிவிடுவார்கள். பின்னது குற்றம். 2011இல் போலி ஆவணம் கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகள் பிடிபட்டதை நாடே பார்த்தது. சட்டத்தை விடுங்கள்: 20 மணி நேரம் தனியாகப் பறந்ததாக எழுதிவிட்டு 6 மணி நேரமே பறந்தவர் நாளைக்கு அப்பாவை ஏற்றிக்கொண்டு கடல்மேல் போகப் போகிறார். எந்தப் பள்ளியானாலும் பத்து மணி நேரத்துக்கு ஒரு தவணை என்று கட்டுங்கள். அதற்குமேல் முன்பணம் கேட்டால், தள்ளுபடி எவ்வளவு இனிப்பாக இருந்தாலும், மறுத்துவிடுங்கள்.

வெளிநாடு உங்களுக்கு ஒத்துவராது. அமெரிக்காவிலும் குறைந்தபட்சம் 40 மணி நேரம்தான். மாணவர் விசா, அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் அனுமதி, டாலரில் தங்கும் செலவு, உங்கள் கல்வித் துறையிடம் தடையில்லாச் சான்று, திரும்பி வந்து இந்திய உரிமமாக மாற்றும் நடைமுறை என்று வரிசையாக நிற்கும். பைலட் வேலைக்குப் போகிறவர் அதற்குக் கணக்குப் போடலாம். மைக்ரோலைட் என்னும் மிக இலகுவான சின்ன விமானம் மணிக் கட்டணத்தில் மலிவு, ஆனால் அதற்கான இடங்கள் நம் பக்கம் குறைவு. உங்கள் மாணவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள்: என்சிசி விமானப் பிரிவு இருக்கும் கல்லூரியில் சேர்ந்தால், மைக்ரோலைட்டில் செலவில்லாமல் பறக்கும் வாய்ப்பு உண்டு. பல பிள்ளைகளுக்கு இது தெரிவதே இல்லை.

உங்கள் பணத்துக்கு வருவோம். 50 மணி நேரம், 15,000 வீதம், ஏழரை லட்சம். அறை, மெடிக்கல், தேர்வுகள், இதர கட்டணங்களுக்கு ஒரு லட்சம். எதிர்பாராத செலவுக்குக் கைவசம் 50,000. ஆக 9 லட்சம். உங்களிடம் 5 இருக்கிறது. மீதி 4 லட்சத்துக்கு 20 மாதம். அந்த 20 மாதம் வீணல்ல. மெடிக்கல், பாடம், தேர்வு, வானொலி எல்லாம் அதற்குள் முடிந்துவிடும். பயிற்சி மாணவர் உரிமமான எஸ்பிஎல்லை நீங்கள் சேரும் பள்ளியே வாய்மொழித் தேர்வு வைத்து வழங்கும். அதற்கும் இந்தப் படிப்புதான்.

பறக்கும் காலத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஏப்ரல் கடைசி முதல் ஜூன் முதல் வாரம் வரை கோடை விடுமுறை. பிற்பகலில் இடி மழை வரும், காலை பெரும்பாலும் தெளிவு. அதில் 28, 30 மணி நேரம் குறி வையுங்கள்: சோலோ முடிந்து, தனியாகப் பத்து மணி நேரம். ஜூனில் பருவமழை வந்தபின், மழை விட்ட சனிக்கிழமைகளில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம், கை மறக்காமல் இருக்க மட்டும். மீதியை டிசம்பர் கடைசியில், அரையாண்டு விடுமுறையோடு ஈட்டிய விடுப்பைச் சேர்த்து முடியுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும் அந்த வாரங்கள் கிராஸ் கன்ட்ரிக்கு ஏற்றவை. இடைவெளி சோலோவுக்கு முன் விழுந்தால் நஷ்டம் அதிகம்; பின் விழுந்தால் தாங்கும். அதனால்தான் இந்தப் பிரிவு.

கிராஸ் கன்ட்ரி வரைபடத்தை இப்போதே வீட்டில் போட்டுப் பாருங்கள். திருவனந்தபுரம், தூத்துக்குடி, மதுரை, மறுபடி திருவனந்தபுரம் என்று ஒரு முக்கோணம்: சுமார் 67, 67, 107 நாட்டிக்கல் மைல். தூத்துக்குடிக்கு நேர்கோடு போட்டால் அது 1,868 மீட்டர் உயர அகத்தியமலைக்குச் சற்றுத் தெற்கே மலைத்தொடரைக் கடக்கும். மலைக்கு மேல் எந்த உயரத்தில் போவீர்கள், மேகம் மூடியிருந்தால் நாகர்கோவில் வரை கடற்கரையைப் பிடித்து வந்து சுற்றிப் போக எத்தனை நிமிடம் கூடும், எத்தனை லிட்டர் கூடும்? பள்ளி உங்களுக்கு வேறு வழி தரலாம். ஆனால் இந்தக் கணக்கைப் பத்து முறை போட்டவருக்கு எந்த வழியும் சிரமமில்லை.

தரையிறக்கத்தில் பணம் எங்கே கசிகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். செஸ்னா 152இல் இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடல்களான ஃபிளாப்பை இறக்கி 60 நாட் வேகத்தில் வர வேண்டிய இடத்தில், பயத்தில் மாணவர் 70 நாட் வேகத்தில் வருவார். பத்து நாட்தானே என்று தோன்றும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 4,900ஐ 3,600ஆல் வகுத்தால் 1.36. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் ஆற்றல். விமானம் ரன்வேக்கு இரண்டு மீட்டர் மேலே இறங்க மறுத்து மிதந்துகொண்டே போகும். பொறுமையிழந்து மூக்கை அழுத்தினால் முன்சக்கரம் முதலில் தட்டி, எகிறும். எகிறியதும் மறுபடி அழுத்தினால் இரண்டாவது எகிறல் இன்னும் பெரிது. முன்சக்கரத் தாங்கி வளைவது இப்படித்தான். மருந்து இரண்டு. இறுதிப் பாதையில் வேகத்தைச் சரியாகப் பிடிப்பது. எகிறினால், எஞ்சின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலை முழுதும் கொடுத்து, மேலேறி, சுற்றி வருவது. தரைக்கு மேலே நிமிர்த்தும்போது கண்ணை முன்சக்கரத்துக்கு அடியில் வைக்காமல் ரன்வேயின் மறுமுனைக்கு அனுப்புங்கள். அருகில் பார்த்தால் தரை ஓடும், உயரம் தெரியாது.

இதையெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தே பழகலாம். விமானி அறையின் படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு சர்க்யூட்டின் ஏழு நிமிடத்தையும் கடிகாரம் வைத்து, கை போக வேண்டிய இடத்துக்குப் போக, வாய்விட்டுச் சொல்லுங்கள்: கார்புரேட்டர் ஹீட், த்ராட்டில், ஃபிளாப் பத்து பாகை, வேகம். டவரிடம் பேசும் வரிகளையும் அப்படியே. ‘ரெடி ஃபார் டிபார்ச்சர்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டு நிற்கும் அரை நிமிடமும் பில்லில் ஏறும்.

கார்புரேட்டர் ஹீட் என்றேன். நம் கடற்கரை ஈரப்பதத்தில் அது வெறும் சடங்கல்ல. வெளியே 27 பாகை இருந்தாலும் கார்புரேட்டருக்குள் எரிபொருள் ஆவியாகும்போது வெப்பம் பெரிதும் இறங்கி, ஈரம் பனியாக ஒட்டும். சக்தி குறைத்து இறங்கும்போதுதான் ஆபத்து அதிகம். இறக்கத்துக்கு முன் அதை இழுக்க மறக்கக் கூடாது.

எரிபொருள் வடித்துப் பார்ப்பதும் அப்படித்தான். ஒவ்வொரு இறக்கையின் அடியிலும் உள்ள வால்வை அழுத்திக் கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடிக்க வேண்டும். விமான பெட்ரோல் இளநீலம். மழைத் தண்ணீர் மூடி வழியே இறங்கியிருந்தால் அடியில் நிறமற்ற குமிழாக நிற்கும். ஆனால் குப்பி முழுக்கத் தண்ணீராகவே இருந்தால் குமிழும் தெரியாது, கோடும் தெரியாது. பார்க்கச் சுத்தமாக இருக்கும். அதனால் குமிழைத் தேடாமல் முதலில் நீலத்தைத் தேடுங்கள். பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, மோந்தும் பாருங்கள். மழைக்காலச் சனிக்கிழமைகளில் இதற்கு இரண்டு நிமிடம் கூடுதலாக எடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்ட முட்டம். நம் மாவட்டத்தில் ஓடுதளம் இல்லை, எனவே திருவனந்தபுரத்திலிருந்துதான் கிளம்ப வேண்டும். பிபிஎல் வைத்துப் பணம் வாங்கிக்கொண்டு ஆளேற்றக் கூடாது, அப்பாவை ஏற்றலாம். உரிமம் வாங்கியபின் விமானத்தை வாடகைக்குத் தருவார்களா என்பதைச் சேரும் முன்பே பள்ளியில் கேட்டுவிடுங்கள். எடையைப் பாருங்கள்: செஸ்னா 152இன் உச்ச எடை 757 கிலோ. வெறும் விமானம் 520 கிலோ என்று கொண்டால் மிச்சம் 237. தொட்டி நிறைய 93 லிட்டர் பெட்ரோல், லிட்டருக்கு 0.72 கிலோ வீதம் 67. இருவருக்கும் 170 கிலோ இருக்கிறது, தாராளம். தூரம் 32 நாட்டிக்கல் மைல், 90 நாட் வேகத்தில் 21, 22 நிமிடம். போக, வர, தரையில் ஓடும் நேரம் சேர்த்து 1 மணி 10 நிமிடம், சுமார் 27 லிட்டர், அதே கணக்கில் 17,500 ரூபாய். பறப்புத் திட்டம் கொடுத்து, வான்பாதுகாப்பு அனுமதி எண் வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

போகும்போது கோவளம், விழிஞ்ஞம், பூவார், தேங்காய்ப்பட்டணம், குளச்சல், மண்டைக்காடு என்று கரை உங்கள் இடப்பக்கம் வரும். நீங்கள் இடது இருக்கையில், அப்பா வலதில். அவருக்குக் கடல்தான் தெரியும். முட்டம் கலங்கரை விளக்கத்துக்குச் சற்று முன்னால் கடல் பக்கமாக அகன்று திரும்புங்கள். திரும்பி வரும்போது கரை முழுவதும் அவர் பக்க ஜன்னலில் இருக்கும். 2,000 அடியில் எஞ்சின் நின்றால் இந்த விமானம் சுமார் ஐந்தரை கிலோமீட்டர் மிதந்து வரும். காற்று எதிராக இருந்தால் அது குறையும். எனவே கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் விலக வேண்டாம். அந்தத் தூரத்தில் அவர் ஊர்த் தேவாலயமும் கரையில் ஏற்றி வைத்த வள்ளங்களும் தெளிவாகவே தெரியும். காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். திரும்பும் வழியில் வெயில் உங்களுக்குப் பின்னால் இருக்கும், காற்றும் அப்போதுதான் கரையிலிருந்து இருக்கும்.